தேய்ந்த ரோமானியச் செப்புக்காசை அடையாளம் காண்பது எப்படி? படத்தில் தொடங்கி எழுத்தில் முடியும் ஒரு வழி

ரோமானியச் செப்புக்காசு ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது, தலையைச் சுற்றி ஓடும் எழுத்துகளைப் படிக்க முயல்வது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். லென்ஸும் கையுமாக ஒரு மாலை முழுக்கப் போராடி, ‘கான்ஸ்டன்டி’ வரை படித்துவிட்டேன். ரோமப் பேரரசர் மகா கான்ஸ்டன்டைனே வந்து உட்கார்ந்துவிட்டார் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லியும் ஆயிற்று. அப்புறம்தான் தெரிந்தது, அது அவர் இல்லை, அவருடைய மகன்.

அந்தக் குடும்பத்தில் பெயர் வைத்த விதம் அப்படி. அப்பா கான்ஸ்டன்டியஸ். மகன் கான்ஸ்டன்டைன், அதாவது லத்தீனில் கான்ஸ்டன்டினுஸ். அவருக்குப் பின் ஆண்ட மூன்று பிள்ளைகள் கான்ஸ்டன்டினுஸ், கான்ஸ்டன்டியஸ், கான்ஸ்டன்ஸ். போதாததற்கு அவர் உருவாக்கிய தலைநகரம் கான்ஸ்டன்டினோபிள். அந்த ஊர்ப் பெயரிலும் காசு உண்டு. இவர்களைப் பிரித்துக் காட்டும் ஓரிரு எழுத்துகள்தான் காசில் முதலில் தேய்ந்துபோகும். ஆகவே எழுத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அளவு, அடுத்து பின்பக்கத்துப் படம், பிறகு தலையில் அணிந்திருப்பது, அதன்பின் படத்துக்குக் கீழே உள்ள சிறு குறி. இந்த வரிசையில் போனால், பெயரே தெரியாத காசுக்குக்கூட ஐந்தாறு ஆண்டு இடைவெளிக்குள் வயது சொல்லிவிடலாம்.

இந்த வழிகாட்டி முக்கியமாக 4ஆம் நூற்றாண்டுக் காசுகளைப் பற்றியது. உலகச் சந்தையில் மலிவாகவும் அதிகமாகவும் கிடைப்பவை அவைதான். கரூர் அமராவதி ஆற்றுப்படுகையிலும் மதுரையிலும் இலங்கையிலும் கிடைக்கிற ரோமானியச் செப்புக்காசுகளிலும் பெரும்பாலானவை இந்தக் காலத்தவை, அல்லது அடுத்து வந்த சில பத்தாண்டுகளைச் சேர்ந்தவை.

தொடங்கும் முன்: புளியைத் தள்ளி வையுங்கள்

குத்துவிளக்கு தேய்த்துப் பழகிய கை, பச்சை பிடித்த காசைப் பார்த்ததும் புளியைத் தேடும். எலுமிச்சை, வினிகர், பித்தளை பாலிஷ், கம்பி நார் எதுவும் கூடாது. செம்பில் களிம்பு என்றால் நம் மரபில் அது நீக்க வேண்டிய அழுக்கு. சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்கே அதைத்தான் உவமை சொல்லும். பழங்காசில் கதை தலைகீழ். 1,600 ஆண்டுகளாக மண்ணுக்குள் கிடந்த காசின் மேற்பரப்பு முழுக்கவே களிம்பாக மாறியிருக்கும். அரசரின் மூக்கும் கண்ணும் அந்தப் படலத்தில்தான் இருக்கின்றன, உள்ளே இருக்கும் உலோகத்தில் இல்லை. அமிலத்தில் போட்டால் பளபளவென்று ஒரு செப்பு வட்டம் கிடைக்கும், அவ்வளவுதான்.

மண்ணை மட்டும் எடுக்க வேண்டுமானால் வாலை வடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) ஊறப்போடுங்கள். ஓரிரு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். இளகிய மண்ணை மூங்கில் சிம்பாலோ பல்குத்தும் குச்சியாலோ லென்ஸ் வழியே பார்த்தபடி தள்ளுங்கள். வாரக்கணக்கில் ஆகும். பொறுமை இல்லையென்றால் அப்படியே விட்டுவிடுவது மேல்.

ஒரே ஒரு பச்சை மட்டும் ஆபத்தானது. கெட்டியான கரும்பச்சை நல்லது. வெளிர் பச்சையில் பொடிப்பொடியாக, ஊசியால் தொட்டால் உதிரும்படி இருந்தால் அது நோய். உள்ளே தங்கிய குளோரைடு உப்பு, காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தைத் தின்கிறது. அந்தக் காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, பொடியை நீக்கி, வடிநீரில் பலமுறை ஊறவைத்து, நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்க்காரர்கள் இதில் இரட்டைக் கவனமாக இருக்க வேண்டும். பிவிசி உறைகளையும் தவிர்த்துவிடுங்கள். நாளடைவில் அவற்றிலிருந்து கசிவது செம்பைக் கெடுக்கும்.

தேவையான கருவிகள் அதிகமில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு, வெர்னியர் அளவுகோல், ஒரு டார்ச். டார்ச்சை மேலிருந்து அடிக்காதீர்கள். மேசையோடு மேசையாகச் சாய்த்துப் பக்கவாட்டில் ஒளி விழச் செய்து, காசை மெல்லச் சுழற்றுங்கள். நேர் வெளிச்சத்தில் வழுக்கையாகத் தெரிந்த காசில் சட்டென்று ஒரு குதிரை எழுந்து நிற்கும்.

படி 1: அளவும் எடையும்

உள்ளங்கையை நிரப்பும் கனமான காசா, சுண்டுவிரல் நகம் அளவா? இந்த ஒரு கேள்வி நூறு இருநூறு ஆண்டுகளை வெட்டித் தள்ளிவிடும்.

முதல் இரண்டு நூற்றாண்டுகளின் பெரிய காசு செஸ்டர்டியஸ். 32 முதல் 35 மில்லிமீட்டர் அகலம், சுமார் 25 கிராம் எடை. பொன்னிறப் பித்தளை. அதற்கும் கீழே டுபோண்டியஸ், ஆஸ் என்று இரண்டு. நான்கு ஆஸ் ஒரு செஸ்டர்டியஸ், இரண்டு ஆஸ் ஒரு டுபோண்டியஸ். வேடிக்கை என்னவென்றால் இந்த இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. டுபோண்டியஸ் மஞ்சள் பித்தளை, ஆஸ் சிவப்புச் செம்பு. அன்றைய கடைக்காரருக்கு நிறமே போதும். இன்று இரண்டும் பச்சை. அதனால் நாம் தலையைத்தான் பார்க்க வேண்டும். நீரோ காலம் முதல் டுபோண்டியஸில் பேரரசர் பெரும்பாலும் முள் முள்ளாக நிற்கும் கதிர்முடி அணிந்திருப்பார். இந்தக் காசுகளின் பின்பக்கத்தில் இருபுறமும் பெரிதாக ‘எஸ்’, ‘சி’ என்ற எழுத்துகள் இருக்கும். ‘செனட்டின் தீர்மானப்படி’ என்பதன் சுருக்கம்.

215இல் பேரரசர் காரகல்லா புதிதாக ஒரு வெள்ளிக்காசு வெளியிட்டார். அதிலும் கதிர்முடித் தலைதான். தொடக்கத்தில் ஏறக்குறைய பாதி வெள்ளி. ஐம்பது ஆண்டுக்குள், கல்லியேனுஸ் ஆட்சிக் கடைசியில், வெள்ளி முலாம் பூசிய செம்பாக அது இறங்கிவிட்டது. 20 மில்லிமீட்டர் அளவில், முலாம் போய் வெறும் செம்பாகத் தெரியும் கதிர்முடிக் காசு கையில் இருந்தால் பெரும்பாலும் அது 260 முதல் 290 வரையிலான காலம்.

அடுத்தது டயோக்ளீஷியன் 294 வாக்கில் செய்த சீர்திருத்தம். சுமார் 10 கிராமில் பெரிய செப்புக்காசு ஒன்று வந்தது. இருபதே ஆண்டில் அது மூன்றரை கிராமுக்கும் கீழே போனது. இதற்குப்பின் 4ஆம் நூற்றாண்டு முழுவதும் இதே கதைதான். புதிதாக ஒரு பெரிய காசு வரும், இளைக்கும், இன்னொன்று வரும், அதுவும் இளைக்கும். ஆய்வாளர்கள் இவற்றின் அன்றைய பெயர்களைப் பற்றிச் சண்டை போடுவதை விட்டு, வெறும் விட்டத்தை வைத்து நான்கு தரமாகப் பிரித்துவிட்டார்கள். 25 மில்லிமீட்டருக்கு மேல் முதல் தரம், 21 முதல் 25 இரண்டாம் தரம், 17 முதல் 21 மூன்றாம் தரம், 17க்குக் கீழே நான்காம் தரம். உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் மூன்றாம் அல்லது நான்காம் தரமாக இருக்கும். அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண் அடுத்த படியில் கைகொடுக்கும்.

படி 2: பின்பக்கத்துப் படம்

கோயில் தூணில் இருக்கும் சிற்பம் யார் என்று பெயர்ப்பலகை பார்த்தா தெரிந்துகொள்கிறோம்? சங்கு சக்கரம் இருந்தால் பெருமாள், மானும் மழுவும் இருந்தால் சிவன், மயிலும் வேலும் இருந்தால் முருகன். முகம் சிதைந்திருந்தாலும் கையில் இருப்பது காட்டிக்கொடுத்துவிடும். ரோமானியக் காசும் அதே இலக்கணம்தான். பேரரசின் மக்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். அரசாங்கம் சொல்ல வந்தது படமாகத்தான் அவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

முதல் மூன்று நூற்றாண்டுக் காசுகளில் நிற்கும் பெண்ணுருவங்கள் அதிகம். எல்லாம் குணங்களுக்குக் கொடுத்த உருவம். தராசும், பழங்கள் வழியும் வளக்கொம்பும் இருந்தால் நேர்மை (ஈக்விட்டாஸ்) அல்லது நாணயச்சாலையின் தேவி மொனேட்டா. சுக்கானைப் பிடித்திருந்தால் ஃபார்ச்சூனா, அதாவது அதிர்ஷ்டம். தட்டிலிருந்து பாம்புக்கு ஊட்டிக்கொண்டிருந்தால் சாலுஸ், நலம். ஒரு கையில் பூ, மறு கையால் பாவாடை நுனியை லேசாகத் தூக்கியபடி நடந்தால் ஸ்பெஸ், நம்பிக்கை. ஆலிவ் கிளை நீட்டினால் பாக்ஸ், சமாதானம். சிறகு இருந்தால் விக்டோரியா, வெற்றி. கல்லியேனுஸின் கடைசி ஆண்டுகளில் மட்டும் மான், குதிரை உடல் மனிதன், சிறுத்தை என்று ஒரு விலங்குக் கூட்டமே வருகிறது. தெய்வங்களைக் காப்புக்கு அழைத்த வரிசை அது. சேகரிப்பவர்கள் அவற்றை ‘மிருகக்காட்சிசாலை’ என்றே செல்லமாகச் சொல்வார்கள்.

பெரிய செஸ்டர்டியஸில் செய்தியும் பெரிதாகவே இருக்கும். வெஸ்பாசியன் யூதேயாவை அடக்கியதைச் சொல்ல ஒரு பேரீச்ச மரத்தையும் அதனடியில் தலையில் கைவைத்து அழும் பெண்ணையும் வெட்டினார்கள். டைட்டஸின் செஸ்டர்டியஸ் ஒன்றில் கொலோசியமே கூட்டத்தோடு இருக்கிறது. இவை விலை கூடியவை. நாமெல்லாம் அருங்காட்சியகக் கண்ணாடி வழியே பார்க்க வேண்டியவை. சரி, நம் காசுக்கு வருவோம்.

4ஆம் நூற்றாண்டில் படங்களின் எண்ணிக்கை குறைந்துவிடுகிறது. அச்சுகள் ஆயிரக்கணக்கில், படம் சிலவே. நமக்கு அதுதான் வசதி. இருபது நிழலுருவங்களைத் தெரிந்துகொண்டால் கைக்கு வரும் காசுகளில் பெரும்பாலானவற்றை மடக்கிவிடலாம். கால வரிசையில் முக்கியமானவற்றைச் சொல்கிறேன்.

இடுப்பில் மட்டும் துணி சுற்றி, ஒரு கையில் தட்டும் மறு கையில் வளக்கொம்புமாக நிற்கும் ஆண், பெரிய காசில் இருந்தால், அவர் ‘ரோமானிய மக்களின் காவல் தெய்வம்’. டயோக்ளீஷியன் சீர்திருத்தக் காசு, 294க்குப் பின்.

வலக்கையை உயர்த்தி, இடக்கையில் உருண்டையோடு நிற்பவர் சூரியன். ‘வெல்ல முடியாத சூரியன், என் துணைவன்’ என்று எழுத்து சொல்லும். இவை கான்ஸ்டன்டைனின் 310 முதல் 318 வரையிலான காசுகள். 312இல் மில்வியப் பாலப் போரில் அவர் கிறிஸ்துவின் பக்கம் திரும்பினார் என்று சரித்திரப் புத்தகம் சொல்கிறது. செப்புக்காசிலோ அதற்குப் பிறகும் ஐந்தாறு ஆண்டு சூரியன்தான் நிற்கிறார். புத்தகத்தை நம்புவதா காசை நம்புவதா என்று கேட்காதீர்கள். நான் காசு கட்சி.

செங்கல் அடுக்கி வைத்தது போல ஒரு கட்டடம், மேலே இரண்டு சிறு கோபுரம், நடுவில் ஒரு நட்சத்திரம். ‘முகாம் வாசல்’ என்று பெயர். கான்ஸ்டன்டைன் வகையில் இது பெரும்பாலும் 324 முதல் 330 வரை. முதல்முறை பார்ப்பவர்கள் இதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து ஏதோ மேசை என்பார்கள்.

ஓநாய் ஒன்று நின்று இரண்டு குழந்தைகளுக்குப் பால் கொடுக்கிறது, மேலே இரண்டு நட்சத்திரங்கள். ரோமுலுஸும் ரீமுஸும். முன்பக்கத்தில் அரசர் இல்லை. தலைக்கவசம் அணிந்த ரோம் நகரமே இருக்கும். இதன் ஜோடிக் காசில் கப்பல் முனைமேல் கால்வைத்து நிற்கும் விக்டோரியா, முன்பக்கத்தில் கவசமணிந்த கான்ஸ்டன்டினோபிள். புதுத் தலைநகரம் 330 மே 11 அன்று அர்ப்பணிக்கப்பட்டதை ஒட்டி வந்த ஜோடி. பழைய அம்மாவுக்கு மனம் நோகாமல் புது மருமகளை வரவேற்றது போல, இரண்டு ஊருக்கும் சமமாக ஒரு காசு.

இரண்டு வீரர்கள் எதிரெதிரே நிற்க, நடுவில் கொடிக்கம்பம். ‘படையின் பெருமை.’ உங்களுக்கு நிச்சயம் ஒருநாள் கிடைக்கப்போகும் காசு இதுதான். கம்பத்தை எண்ணுங்கள். இரண்டு இருந்தால் 330 முதல் 335 வரை, எடை சுமார் இரண்டரை கிராம். ஒன்று இருந்தால் 335 முதல் 341 வரை, எடை ஒன்றரை கிராம் வாக்கில். காசு இளைத்ததும் இரண்டு கம்பத்துக்கு இடம் பற்றவில்லை. படி 1இல் அளந்த எடையும் இங்கே எண்ணிய கம்பமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லையென்றால் அக்காலத்திலேயே அடித்த கள்ளக்காசாக இருக்கலாம். அப்படியும் நிறைய உண்டு.

நான்கு குதிரை பூட்டிய தேரில் ஒருவர் மேலே போக, வானத்திலிருந்து ஒரு கை நீண்டு அவரை வாங்கிக்கொள்கிறது. முன்பக்கத்தில் தலைக்கு முக்காடு. 337இல் இறந்த கான்ஸ்டன்டைனுக்காகப் பிள்ளைகள் வெளியிட்டது. தேர் பழைய சமயத்துச் சின்னம், கை புதிய சமயத்துக் கடவுளுடையது. இரண்டு தரப்பாரும் தங்களுக்கு ஏற்றபடி படித்துக்கொள்ள வசதியாக வெட்டியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து இவ்வளவு சாமர்த்தியமான படம் வேறெந்த ரோமானியக் காசிலும் இல்லை.

348இல் ரோம் நகரத்துக்கு 1100ஆவது ஆண்டு. அதையொட்டி ‘நற்காலம் திரும்பியது’ என்ற வாசகத்தோடு ஒரு புது வரிசை. உருண்டைமேல் நிற்கும் ஃபீனிக்ஸ் பறவை, கப்பலில் நிற்கும் பேரரசர், குடிசையிலிருந்து ஒரு சிறு உருவத்தை இழுத்து வரும் வீரர் என்று பல படம். ஆனால் ஆயிரக்கணக்கில் கிடைப்பது ஒன்றுதான். வீரர் ஈட்டியால் குத்துகிறார், கீழே குதிரையோடு சரிந்த எதிரி பின்னால் திரும்பிக் கை நீட்டுகிறான். கலங்கிய காசிலும் முன்னங்கால் மடிந்த குதிரை தெரிந்துவிடும். தொடக்கத்தில் ஐந்து கிராம் இருந்தது, சில ஆண்டிலேயே பாதி. நற்காலம் யாருக்குத் திரும்பியதோ தெரியாது.

காசு முழுக்க எக்ஸும் பி-யும் பின்னிய ஒரே பெரிய சின்னம், இருபுறமும் கிரேக்க ஆல்ஃபாவும் ஒமேகாவும் இருந்தால், 350 முதல் 353 வரை மேற்கில் ஆட்சியைப் பறித்து வைத்திருந்த மக்னென்டியஸின் வகை. எக்ஸும் பி-யும் உண்மையில் கிரேக்கத்தில் கிறிஸ்து என்ற பெயரின் முதல் இரண்டு எழுத்துகள். இதே சின்னம் மற்றவர்கள் காசில் கொடித்துணியில் சின்னதாக ஒளிந்திருக்கும்.

பெரிய காசில் நிற்கும் காளை, மேலே இரண்டு நட்சத்திரம். 361 முதல் 363 வரை ஆண்ட ஜூலியன். காளை எதைக் குறிக்கிறது என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை.

ஒரு கையில் கொடி, மறு கையில் கைதியின் தலைமுடி, இழுத்துக்கொண்டு நடக்கும் பேரரசர். அல்லது மாலையை நீட்டியபடி இடப்பக்கம் நடக்கும் சிறகுள்ள விக்டோரியா. இரண்டும் வாலன்டினியன், வாலென்ஸ் சகோதரர்கள் காலம், 364 முதல் 378 வரை.

அதற்குப்பின் காசு நகம் அளவுக்கு வந்துவிடுகிறது. 12 முதல் 14 மில்லிமீட்டர், ஒரு கிராமைச் சற்றே தாண்டும் எடை. விக்டோரியா தோளில் வெற்றிச்சின்னமும் கையில் இழுபடும் கைதியுமாகப் போகிறாள், பக்கத்தில் குட்டியாகக் கிறிஸ்துச் சின்னம். எழுத்து ‘நாட்டின் நலம்’, சாலுஸ். இருநூறு ஆண்டு முன் அதே சாலுஸ் பாம்புக்கு ஊட்டிக்கொண்டிருந்த பெண். பெயர் மட்டும் தங்கி, உருவம் மாறிவிட்டது. மற்றத் தேவியரெல்லாம் காசிலிருந்து மறைந்த பிறகும் விக்டோரியா மட்டும் விடாமல் இருந்தாள். 382இல் செனட் மண்டபத்திலிருந்து அவளுடைய பலிபீடத்தை அகற்றச் சொன்ன கிரேஷியன் காலத்திலும் அவள் காசில் சிறகோடு நடந்துகொண்டுதான் இருந்தாள்.

படி 3: தலையில் என்ன இருக்கிறது?

இப்போது முன்பக்கத்தைத் திருப்புங்கள். முகச்சாயலைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். முதல் நூற்றாண்டு நீரோவின் கழுத்துச் சதையை அடையாளம் காணலாம். 4ஆம் நூற்றாண்டில் எல்லோருக்கும் ஒரே முகம்.

இலை மாலை, முத்துப்பட்டம், வெறுந்தலை, கவசம், முக்காடு. இவற்றில் எது என்பதே கேள்வி. 324க்குப் பின் மூத்த பேரரசர், அதாவது அகஸ்டஸ், பட்டம் அணிவார். காதுக்கு மேலே இரண்டு வரிசைப் புள்ளிகளும் பிடரியில் தொங்கும் நாடாவும் தெரியும். இளவரசர் நிலையில் இருந்த சீசருக்குப் பெரும்பாலும் இலை மாலை. குதிரைவீரன் சரியும் காசில் முன்பக்கம் வெறுந்தலையாக இருந்தால், அனேகமாக 351 முதல் 354 வரை சீசராக இருந்த கல்லுஸ், அல்லது அவருக்குப்பின் சீசரான அவர் தம்பி ஜூலியன். தாடி வைத்த தலையோடு காளை இருந்தால் பேரரசரான ஜூலியன். எல்லோரும் மழித்துக்கொண்ட காலத்தில் தத்துவஞானிபோல் தாடி வளர்த்தவர். அந்தியோக்கியா மக்கள் அந்தத் தாடியைக் கேலி செய்ய, அவர் பதிலுக்கு ‘தாடி வெறுப்பவன்’ என்று ஒரு நையாண்டியே எழுதினார்.

படி 4: கோட்டுக்குக் கீழே

பின்பக்கப் படத்தின் காலடியில் ஒரு தரைக்கோடு, அதற்குக் கீழே இரண்டு மூன்று எழுத்துகள். எந்த அக்கசாலையில், அதாவது நாணயச்சாலையில், அடித்தது என்பதற்கான குறி. அதிலேயே எந்தப் பட்டறை என்பதும் இருக்கும். தரம் குறைந்தால் யாரைப் பிடிப்பது என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டுமே.

‘எஸ் எம்’ என்று தொடங்கினால் ‘புனித நாணயச்சாலை’ என்று பொருள். அடுத்து வருவது ஊர். ‘ஏ என்’ என்றால் அந்தியோக்கியா, ‘ஏ எல்’ அலெக்சாந்திரியா, ‘கே’ சிசிகஸ், ‘என்’ நிக்கோமீடியா, ‘ஹெச்’ ஹெராக்ளியா, ‘டி எஸ்’ தெசலோனிக்கா. மேற்கில் ‘டி ஆர்’ டிரியர், ‘எல் ஜி’ லியோன், ‘எல் என்’ லண்டன், ‘ஆர்’ ரோம், ‘எஸ் ஐ எஸ்’ இன்றைய குரோஷியாவின் சிசாக். ‘கான்’ என்று வரும் குறி கொஞ்சம் ஏமாற்றும். கான்ஸ்டன்டினோபிளுக்கு ‘கான்ஸ்’ என்று எஸ்ஸோடு வரும். எஸ் இல்லாத ‘கான்’ பெரும்பாலும் தென் பிரான்ஸின் ஆர்ல். அந்த ஊருக்கும் கொஞ்ச காலம் கான்ஸ்டன்டினா என்று பெயர் மாற்றி வைத்திருந்தார்கள். மறுபடியும் அந்தக் குடும்பத் தொல்லை.

ஊர்க்குறிக்கு முன்னோ பின்னோ வரும் ஒற்றை எழுத்து பட்டறை எண். மேற்கில் லத்தீன் எழுத்து. ‘பி’ என்றால் பிரிமா, முதலாவது. கிழக்கில் கிரேக்க எழுத்து வரிசை. குறி தேய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். காசு விளிம்பைத் தாண்டி அச்சு விழுந்து, இந்தப் பகுதியே இல்லாத காசுகளும் ஏராளம்.

படி 5: கடைசியாக எழுத்து

சில பழக்கங்கள் தெரிந்தால் போதும். யு எழுத்துக்கு வி-யைத்தான் வெட்டுவார்கள். சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. ‘டி என்’ என்று தொடங்கினால் ‘நம் தலைவர்’, 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது வழக்கம். ‘ஐ எம் பி’ என்றால் இம்பெராட்டர், அதற்கு முந்தைய வழக்கம். முடிவில் ‘பி எஃப் ஏ வி ஜி’ இருந்தால் ‘பக்தியுள்ள, பேறுபெற்ற அகஸ்டஸ்’. ‘என் ஓ பி சி’ என்று முடிந்தால் ஆள் இன்னும் சீசர்தான். பின்பக்கத்தில் ‘ஏ வி ஜி’யின் கடைசி ஜி இரட்டித்து வந்தால் அப்போது இரண்டு அகஸ்டஸ்கள், மூன்று ஜி வந்தால் மூன்று பேர். இதுவும் வயது சொல்லும் குறிப்புதான்.

அப்புறம் அந்தக் ‘கான்ஸ்டன்’ சிக்கல். முன்னாலிருந்து படிக்காதீர்கள், பின்னாலிருந்து வாருங்கள். பெயர் முடிவில் ‘வி எஸ்’ இருக்கும். அதற்கு முந்தைய எழுத்து ஒற்றைக் கோடாக இருந்தால் ஐ, ஆகவே கான்ஸ்டன்டியஸ். குறுக்கே சாய்கோடு தெரிந்தால் என், ஆகவே கான்ஸ்டன்டினுஸ். ‘வி எஸ்’ஸே இல்லாமல் சட்டென்று முடிந்தால் கான்ஸ்டன்ஸ். இந்த ஒரு சூத்திரம் தெரியாததால்தான் என் முதல் மாலை வீணாகிப்போனது.

ஒரு காசைச் சேர்ந்து படிப்போம்

மேசையில் ஒரு காசு. 15 மில்லிமீட்டர், 1.5 கிராம். ஆகவே நான்காம் தரம். பக்கவெளிச்சத்தில் பின்பக்கம் இரண்டு ஆள் நிற்பது தெரிகிறது, நடுவில் ஒரே கம்பம். 335 முதல் 341 வரை என்று ஆகிவிட்டது, எடையும் பொருந்துகிறது. முன்பக்கத் தலையில் முத்துப்பட்டம், அதனால் அகஸ்டஸ். ஆனால் 335 முதல் 337 மே வரை இருந்த ஒரே அகஸ்டஸ் மகா கான்ஸ்டன்டைன். 337 செப்டம்பருக்குப் பிறகு அவர் பிள்ளைகள் மூவருமே அகஸ்டஸ்கள். கோட்டுக்குக் கீழே ‘எஸ் எம் கே’ தெரிகிறது. மர்மரா கடலோரத்துச் சிசிகஸ். இன்றைய துருக்கி, அன்று கான்ஸ்டன்டியஸின் பங்கு. கடைசியாக எழுத்து. ‘வி எஸ்’ஸுக்கு முன்னால் ஒற்றைக் கோடு. அப்பாவின் காசில் வரும் ‘மாக்ஸ்’ என்ற அடைமொழி இல்லை. முடிவு: இரண்டாம் கான்ஸ்டன்டியஸ், சிசிகஸ், 337 முதல் 341 வரை. மொத்தம் படித்தது ஆறேழு எழுத்து.

இதற்கு மேல் துல்லியமாகப் போக வேண்டுமானால் அமெரிக்க நாணயவியல் கழகத்தின் ‘ஓசிஆர்இ’ இணையத் தரவகம் இலவசம். ஊர், படம், அரசர் மூன்றையும் கொடுத்தால் வகை எண்ணும் அருங்காட்சியகப் படங்களும் வரும். உங்கள் காசு எந்தப் படத்தோடும் ஒத்துப்போகாமல், எழுத்துகள் வெறும் கோடும் வட்டமுமாக இருந்தால் மனம் தளராதீர்கள். அடுத்த பகுதியைப் பாருங்கள்.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கிடைப்பவை

நமக்குப் பரிச்சயமான யவனர் கதை, பொன்னோடு வந்து மிளகோடு போன கதை, முதல் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. அந்தக் காலத்துத் தங்கமும் வெள்ளியும்தான் கோவைப் பக்கத்திலும் புதுக்கோட்டையிலும் புதையல்களாகக் கிடைத்தன. அக்காலத்துப் பித்தளை, செப்புக்காசுகள் இங்கே அரிது. சில்லறையை யார் கப்பலில் ஏற்றுவார்கள்? 4ஆம் நூற்றாண்டின் இறுதிக்கு வந்தால் நிலைமை தலைகீழ். கரூரிலும் மதுரையிலும் நகம் அளவுச் செப்புக்காசுகள் வருகின்றன. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி இவற்றைத் தேடிச் சேர்த்து விரிவாக ஆராய்ந்தவர். இலங்கையின் தென்கரையில் இவை ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன.

இங்கே எதிர்பார்க்க வேண்டிய படங்கள்: கைதியை இழுக்கும் விக்டோரியா, மாலைக்குள் நேர்ச்சை வாசகம், மாலைக்குள் சிலுவை, வரிசையாக நிற்கும் மூன்று பேரரசர்கள். கடைசியாகச் சொன்னது 5ஆம் நூற்றாண்டின் தொடக்கம். இந்தச் சில்லறை இங்கே உள்ளூர்ச் சந்தையில் புழங்கியிருக்க வேண்டும் என்பதற்கு நல்ல சான்று, இலங்கையில் அவற்றைப் பார்த்து அடித்த போலச்செய்த காசுகள். வெட்டியவருக்கு லத்தீன் தெரியாது. வீரர்கள் குச்சி மனிதர்களாகவும் எழுத்துகள் கோடுகளாகவும் மாறியிருக்கும். ரோமானியக் காசு என்ற கண்ணோடு பார்த்தால் மட்டம். ஆனால் ஒரு நிஜக் காசைவிட அதில் ஒன்றை என்னால் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியும்.

ஆற்றுமணலில் கிடைத்த எல்லாம் யவனர் காசு என்று நினைத்துவிடாதீர்கள். சங்ககால மன்னர்களின் சதுரக் காசு, சோழர் காசு, நாயக்கர் காசு, டச்சுக் கம்பெனிக் காசு எல்லாம் ஒரே படுகையில் கலந்து கிடக்கும். யானை, மீன் இருந்தால் வேறு திசையில் தேடுங்கள்.

வாங்கும் முன், எடுக்கும் முன்

வார்ப்புப் போலிகளில் விளிம்பைச் சுற்றி மெல்லிய இணைப்புக்கோடு இருக்கும். பரப்பில் ஊசிமுனை அளவு குமிழ்க்குழிகள் தெரியும். அடித்த காசில் எழுத்தின் ஓரம் செங்குத்தாக எழும். வார்த்ததில் சோப்பில் செய்தது போல மழுங்கியிருக்கும். ஒரே மாதிரித் தேய்மானத்தோடு இரண்டு காசு ஒரே கடையில் இருந்தால் இரண்டையும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மலிவான 4ஆம் நூற்றாண்டுக் காசைப் போலி செய்வதில் லாபம் குறைவு. செஸ்டர்டியஸும் தங்கமும்தான் போலிகளின் களம்.

சட்டம் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டைத் தாண்டிய காசும் தொல்பொருள்தான்; தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மண்ணில் புதைந்திருந்து கிடைத்தது 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். இலங்கையில் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் உண்டு. கிடைத்த காசை ஒப்படைக்கும்போது கழுவாமல், மண்ணோடு, எந்த இடத்தில் எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்ற குறிப்போடு கொடுங்கள். கூடக் கிடந்த பானை ஓடு, மணி எதையும் தூக்கிப் போட வேண்டாம். நிஜக் காசுகளைக் கண்ணால் பார்த்துப் பழக எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயத் தொகுப்பு நல்ல இடம்.

முறையாக வாங்கிய காசு என்றால், அடையாளம் கண்டதும் ஒரு சிறு தாளில் விட்டம், எடை, படம், அக்கசாலை, ஆண்டு, வாங்கிய நாள், விலை எல்லாவற்றையும் எழுதி அந்த உறையிலேயே போட்டு வையுங்கள். சந்தேகமாக இருப்பதைப் பென்சிலில் எழுதுங்கள். என் உறைகளில் பாதி இன்னும் பென்சிலில்தான் இருக்கின்றன.